ஏழாம் பத்தி

பிள்ளைச்சாவடி,
8.6.2025

கோபிநாத் அவர்களுக்கு,

கார்குழலி எழுதுவது. போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே நமக்குக் குரல் ஏறிவிடுகிறது. போன முறை நீங்கள் பாதியில் வைத்தீர்கள், அதற்கு முந்தின முறை நான் வைத்தேன். எழுதினால் கடைசி வரை படித்துத்தானே ஆக வேண்டும்.

வக்கீல் ராமலிங்கம் சார் கொடுத்த மனுவை அப்பா வாங்கிவந்தார். இருவரும் சம்மதித்து விவாகரத்து கேட்கும் மனு. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்கள். அப்பா பேனாவையும் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன்.

கல்யாணத் தேதி, மூலக்குளத்து வீட்டு விலாசம், பிள்ளை இல்லை என்பது எல்லாம் சரி. ஏழாவது பத்தியில் நின்றுவிட்டேன். 'மனுதாரர்கள் 2024 ஏப்ரல் முதல் இன்றுவரை ஒரு நாளும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழவில்லை.' அதன் கீழே, சொன்னதெல்லாம் உண்மை, எதையும் மறைக்கவில்லை என்று சத்தியம்.

ஒரு நாளும் இல்லையா? டிசம்பர் புயலில் உங்களுக்கு வலிப்பு வந்து விழுந்து கிடக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டு வேம்பு அக்கா போன் செய்தார்களே, அன்று வந்தது யார்? பஸ் ஓடவில்லை. காலாப்பட்டு வரை நடந்து, அங்கிருந்து பால் வண்டியில் ஏறி வந்தேன். தண்ணீர் வடிந்த பிறகும் மார்கழி பிறக்கும் வரை அந்த வீட்டில்தான் இருந்தேன். எப்படி இருந்தோம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விவாகரத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பத்திக்குக் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியாது. பத்தியை மாற்றச் சொல்லுங்கள்.

மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா?

கார்குழலி

*

மூலக்குளம்,
14.6.2025

குழலிக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக வக்கீலிடம் போனேன். அவர் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து விளக்கினார். சம்மதத்தின் பேரில் பிரிய வேண்டுமானால், ஒரு வருடமாவது தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். டிசம்பரில் நாம் சேர்ந்திருந்ததைச் சொன்னால் வருடம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். இப்போது மனுவே போட முடியாது.

"அத யாரு கேக்கப் போறாங்க தம்பி? கேட்டாத்தானே சொல்லணும். கேக்காதத நாமளா எதுக்கு எடுத்து நீட்டணும்?" என்றார். நல்ல மனிதர்தான். தினமும் இதையே செய்கிறவர்.

நான் அவசரப்படுவது எனக்காக என்று நினைக்காதே. உனக்கு வயது முப்பத்தொன்று. அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் எத்தனை நாள் இருப்பாய்? உன் அப்பாவை மார்க்கெட்டில் பார்த்தேன். அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. "சீக்கிரமா முடிச்சி வுடுப்பா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

இன்னொன்று. நீ வந்து தங்கினாய் என்று சொன்னால், ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். வலிப்பு என்று சொல்ல வேண்டும். நான் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் மோல்டிங் மெஷினில் நிற்கிறவன் என்பதை மறந்துவிடாதே. கம்பெனிக்கு இது தெரியாது. புதுச்சேரி என்ன பெரிய ஊரா? கோர்ட்டில் இருமினால் எங்கள் கம்பெனி இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கேட்கும்.

யோசித்துப் பார்த்தால் அந்த நாட்கள் என்ன? உடம்பு சரியில்லாதவனைப் பார்க்க வந்தாய், மழையில் மாட்டிக்கொண்டாய். அதைக் குடும்பம் நடத்தியதாக எதற்குக் கணக்கில் சேர்க்க வேண்டும்? கையெழுத்தைப் போட்டுவிடு, குழலி.

அம்மா நலம். மாத்திரை போடுகிறேன்.

கோபி

*

பிள்ளைச்சாவடி,
22.6.2025

கோபிநாத் அவர்களுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேட்டால்தானே சொல்ல வேண்டும் என்பதை வக்கீல் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நீங்கள்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

வில்லியனூர் ரோட்டில் வண்டியோடு விழுந்த நாளை நினைத்துப் பாருங்கள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஏதோ நாய் குறுக்கே வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் ரோட்டில் துடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு மணிக்கட்டு உடைந்திருந்தது, அதுகூடத் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா என்னிடம், "மாத்திரைய ஒழுங்கா போடுறாரா?" என்று கேட்டார். நான் "எந்த மாத்திரைங்க?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பொண்டாட்டிதானா இவள் என்கிற மாதிரி.

கல்யாணமாகி மூன்று வருடம். காலையும் மாலையும் வைட்டமின் என்று விழுங்கினீர்கள். பத்தாவது படிக்கும்போதிலிருந்து வலிப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் கேட்டபோது என்ன சொன்னீர்கள்? "நான் பொய் சொல்லல குழலி, சொல்லாம வுட்டுட்டேன், அவ்ளோதான்."

வலிப்புக்காக நான் உங்களை விட்டு வரவில்லை, ஏப்ரலில் வீட்டை விட்டு வந்தபோதும் சரி, மார்கழியில் இரண்டாம் முறை வந்தபோதும் சரி. இதை எத்தனை முறை சொல்லியும் உங்களுக்குப் புரியவில்லை. மார்கழியில் என்ன நடந்தது? கடலூரில் உங்கள் அக்கா வீட்டிலிருந்து அத்தை திரும்பி வந்தார்கள். குழலி எப்படி இங்கே என்று கேட்டார்கள். அவள் வீட்டுப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது, அதனால் வந்து தங்கினாள் என்றீர்கள். வலிப்பு வந்ததைச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நிற்கிறேன். என் கையில் உங்களுக்குக் கரைத்த கஞ்சி இருக்கிறது. அன்று மாலையே பையை எடுத்தேன்.

என்றாலும் அந்த மழை நாட்களில் நீங்கள் வேறு ஆளாக இருந்தீர்கள். எதைக் கேட்டாலும் சொன்னீர்கள், கேட்காததையும் சொன்னீர்கள். வலிப்பு வருவதற்கு முன்னால் வாயில் இரும்பு மாதிரி ஒரு சுவை வரும் என்பதையும், முழித்தவுடன் யார் முகம் தெரியுமோ என்று பயமாக இருக்கும் என்பதையும் சொன்னீர்கள். கரண்ட் இல்லாத வீட்டில் உங்களோடு நான் சிரித்தது போலக் கல்யாணமான புதிதில்கூடச் சிரித்ததில்லை.

அதைத்தான் மழையில் மாட்டிக்கொண்டாய் என்று எழுதியிருக்கிறீர்கள்.

சரி. உங்களுக்கு அவை ஒன்றுமில்லாத நாட்கள் என்றால், நான் மட்டும் எதற்குப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? அப்பாவுக்கும் பதில் சொல்லி முடியவில்லை. புள்ளி வைத்த எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்பா நாளைக்குக் கொண்டுவந்து கொடுப்பார். எந்தத் தேதியில் வர வேண்டும் என்று எழுதுங்கள்.

கார்குழலி

*

மூலக்குளம்,
6.7.2025

குழலிக்கு,

ஜூலை 21, திங்கட்கிழமை, காலை பத்தரைக்குக் கோர்ட்டில் இருக்க வேண்டும். ஆதார் அட்டையும் கல்யாணப் போட்டோ ஒன்றும் கொண்டுவரச் சொன்னார் வக்கீல். நீதிபதி நம் இருவரையும் தனித்தனியாகப் பிரமாணம் எடுக்கச் சொல்லிக் கேட்பாராம். மனுவில் இருப்பதற்கெல்லாம் ஆமாம் என்றால் போதுமாம்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். கஞ்சியோடு நீ நின்றது வரைக்கும் வந்து, அதற்கு மேல் எழுத வரவில்லை. அன்றைக்கு உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அம்மா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். போன வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரைச் சீட்டை அம்மாதான் வழக்கமாக வாங்கிவரும். இந்தத் தடவை நானே போய் உட்கார்ந்தேன். கடைசியாக எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டார். புயலில் என்றேன். யார் பார்த்தார்கள் என்றார். என் மனைவி என்றேன். "அவங்களயும் ஒருவாட்டி கூட்டினு வாங்க, பாத்தவங்க சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னவென்று சொல்வது?

திங்கட்கிழமை வெயில் அதிகமாக இருக்கும். தண்ணீர் பாட்டில் எடுத்துவா. கோர்ட்டில் காத்திருக்க வேண்டி வரும்.

கோபி

*

பிள்ளைச்சாவடி,
24.7.2025

என்னங்க,

அன்றைக்குக் கோர்ட் வாசலில் உங்களிடம் பேச முடியாமல் போய்விட்டது. அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுததை அவர் பார்க்கக் கூடாது என்று.

நீங்கள் கூண்டில் நின்றதை நீங்களே பார்த்திருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் உங்களைக் கூப்பிட்டார்கள். அடுத்தது நான். சுவரோரமாக நின்று, 'ஆமாங்க' என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். நீங்கள் பிரமாணம் எடுத்தீர்கள். நீல நிறச் சட்டை, காலர் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தீர்கள். நீதிபதி அம்மா மனுவைப் பார்த்தபடியே, "ஒரு வருஷத்துக்கு மேல தனித்தனியாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நீங்கள் பேசவில்லை. ராமலிங்கம் சார் தொண்டையைச் செருமினார். அப்போதும் பேசவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது, வாயில் அந்த இரும்புச் சுவை வந்துவிட்டதோ என்று. இரண்டு அடி முன்னால் வந்துவிட்டேன், நீங்கள் விழுந்தால் பிடிக்கலாம் என்று.

அப்போதுதான் சொன்னீர்கள். "இல்லம்மா. டிசம்பர் மாசம் சேந்துதான் இருந்தோம். இதுல எழுதியிருக்கறது சரியில்ல."

அந்த அம்மா நிமிர்ந்தார். சேர்ந்து என்றால் என்ன என்று கேட்டார். எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது, புயலில் விழுந்துவிட்டேன், அவள் வந்து பார்த்துக்கொண்டாள் என்றீர்கள். ஹாலில் அத்தனை பேர் இருந்தார்கள். வலிப்பு என்கிற வார்த்தையை நீங்கள் முழுசாக, சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பாத்துக்கிட்டாங்க, சரி. புருஷன் பொண்டாட்டியா இருந்தீங்களா?"

"இருந்தோம்மா. என் கல்யாணத்துலயே நான் நல்லா இருந்தது அந்த நாளுங்கதான். அத இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

பிறகு நான் எதிர்பார்க்காததையும் சொன்னீர்கள். "அவங்க மொதல்லயே கையெழுத்துப் போடமாட்டேன்னாங்க. நான்தான் எழுதி எழுதிப் போட வச்சேன். தப்பு என்னுதுதாங்க."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். வக்கீலைத்தான் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை. "கோர்ட்டுகிட்ட ஒண்ணு வேணும்னு வர்றவங்க, தனக்குச் சாதகமா இருக்கறத மட்டும் பொறுக்கி எடுத்துட்டு வரக் கூடாது. பாதகமா இருக்கறதயும் சேத்து எடுத்துட்டு வரணும். நீங்க கடைசி நேரத்துலயாவது எடுத்துட்டு வந்தீங்க" என்றார். மனுவை வாபஸ் வாங்கச் சொன்னார். டிசம்பர் கழிந்த பிறகும் பிரியத்தான் வேண்டும் என்று இருவருக்கும் தோன்றினால் புதிதாகப் போடலாம் என்றார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

நான் பொய்ச் சத்தியம் பண்ணத் தயாராகத்தான் வந்திருந்தேன். அடுத்த ஆளாக நின்றிருந்தேன். நீங்கள் என்னை அந்தக் கூண்டில் ஏறவிடவில்லை.

ஏன் சொன்னீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

குழலி

*

மூலக்குளம்,
3.8.2025

அன்புள்ள குழலி,

ஏன் சொன்னேன் என்று கேட்டிருக்கிறாய். பெரிய காரணம் சொல்லலாம் என்று யோசித்தேன், ஒன்றும் இல்லை. ஆமாம் என்று சொல்லத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போதுகூட அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூண்டில் ஏறி நின்றபோது நீ சுவரோரமாக உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாய். என்ன சொல்லிப் பழகுகிறாய் என்று புரிந்துவிட்டது. விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவள் நீ, ஒரு பொய்யை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாய். அதுவும் என்னால். அதைப் பார்த்த பிறகு ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ராமலிங்கம் சார் வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி என்றார். முன்னாடி எனக்கே தெரியாது சார் என்றேன். கோபித்துக்கொண்டுதான் போனார். ஆனால் கீழே தன் பைக்கை எடுக்கும்போது, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி ஓட்டாதே தம்பி, பஸ்ஸிலேயே போ என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசர் வெற்றிச்செல்வனிடம் நானே சொல்லிவிட்டேன். வேறு யாரோ போய்ச் சொல்வதற்கு முன்னால். அவர் முகம் மாறிவிட்டது. "மெஷின்ல நின்னுக்கினு இவ்ளோ நாளா வாயத் தொறக்கலையேப்பா" என்று கேட்டார். கைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று அவர் சொன்னபோதுதான் நானும் என் கையைத் திருப்பிப் பார்த்தேன். வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. எடுக்கவில்லை. ஸ்டோர்ஸில் போட்டிருக்கிறார்கள். மூடிகளை எண்ணி அட்டைப் பெட்டியில் அடுக்கும் வேலை. மெஷின் சத்தம் இல்லாமல் முதல் வாரம் காதே அடைத்தது போல் இருந்தது.

அம்மாவுக்குத்தான் பெரிய கோபம். ஊரறியக் கத்திவிட்டு வந்திருக்கிறாயே, இனி யார் மதிப்பார்கள் என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது சொன்னது: "நான்தான்டா அவகிட்ட சொல்ல வேணாம்னேன். தெரிஞ்சா வுட்டுட்டுப் போயிடுவான்னு பயந்தேன். கடைசில சொல்லாததாலதான் போனா." எனக்கு முன்னால் அம்மா அழுது நான் பார்த்ததில்லை, அப்பா செத்தபோதுகூட.

உன்னை வந்து பார்க்க வேண்டும் என்கிறது. முட்டி வலியோடு இரண்டு பஸ் மாற முடியாது. நீ வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அம்மா சொன்னதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். இனிமேல் எதையும் உன்னிடம் சொல்லாமல் விடுவதாக இல்லை.

ஆடி வெள்ளிக்கு வேம்பு அக்கா கூழ் கொண்டுவந்து கொடுத்தார்கள். உன்னைக் கேட்டார்கள்.

கோபி

*

பிள்ளைச்சாவடி,
26.10.2025

என்னங்க,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அத்தை கட்டிக்கொடுத்த அதிரசத்தைப் பக்கத்தில் இருந்த அம்மாளுக்கும் ஒன்று கொடுத்தேன்.

தீபாவளிக்கு ஒரு நாள் அத்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தேன். இத்தனை நாள் தங்குவேன் என்று எனக்கே தெரியாது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டபோது, வயதில் பெரியவர்கள் இப்படிப் பேசக் கூடாது என்று சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் யாரோ ஒரு முடிச்சை அவிழ்த்தது போல இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது நல்லதாகப் போயிற்று. விழும்போது எந்தக் கை முதலில் துடித்தது என்று டாக்டர் கேட்டபோது நான் சட்டென்று சொன்னேன் அல்லவா? நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் உடம்பில் உங்களுக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். தூக்கம் அதிகமாக வந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள்.

இதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மாலை நீங்கள் போன் பேசிக்கொண்டே வெளியே போனபோது, யாரிடம், எதை மறைக்கிறீர்கள் என்று என் மனம் ஒரு நிமிடம் ஓடிவிட்டது. பூக்காரியிடம்தான் பேசினீர்கள் என்று பிறகு தெரிந்தது. சந்தேகம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். குறைந்திருக்கிறது.

அப்பா நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டிசம்பர் வருகிறதே என்கிறார். நான் எழுந்து அரிசி களையப் போய்விட்டேன்.

குழலி

*

மூலக்குளம்,
18.12.2025

அன்புள்ள குழலி,

இன்று மதியம் ஸ்டோர்ஸில் இருக்கும்போது ராமலிங்கம் சார் போன் செய்தார். மார்கழி பிறந்துவிட்டது, வருடமும் முடிந்துவிட்டது, இப்போது மனு போட்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, உன் அப்பாவும் போன் செய்து கேட்டார் என்றார்.

நான் சொன்னேன், "சார், தீபாவளிக்கு வந்து தங்கினாங்க சார்."

அப்படியானால் தீபாவளியிலிருந்து எண்ண வேண்டும் என்றார்.

"கார்த்திகை தீபத்துக்கும் வந்தாங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். நான் அவர் சிரித்துக் கேட்டதே இல்லை. "தம்பி, இப்படி எல்லாத்தயும் சொல்லிக்கினே இருந்தா நான் உங்க ரெண்டு பேருக்கும் விவாகரத்து வாங்கித் தரவே முடியாது" என்றார். ஃபைலைக் கட்டி அலமாரியில் வைத்துவிடட்டுமா என்று கேட்டார்.

வைத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அது நான் ஒருவன் சொல்கிற பதில் இல்லை. குழலியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கிறேன். என் ஆசை என்னவென்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லாமல் விட்டாய் என்று நீ சொல்லக் கூடாது. எனக்கு நீ வேண்டும். இங்கே, இந்த வீட்டில். ஆனால் பயமாகவும் இருக்கிறது. மறுபடியும் எதையாவது மறைத்துவிடுவேனோ என்று. பழகிய கை அது.

நீ என்ன எழுதினாலும் அப்படியே ராமலிங்கம் சாரிடம் சொல்லிவிடுகிறேன்.

உன்
கோபி

*

பிள்ளைச்சாவடி,
23.12.2025

என்னங்க,

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் படித்துக்காட்டினேன். முழுவதும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததையும் விடவில்லை. அந்த இடத்தில் எனக்கே குரல் இறங்கிவிட்டது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மில்லில் வேலை பார்த்த காலத்திலிருந்து கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார். ஆனால் இந்தத் தடவை கோபம் இல்லை. "அப்ப கையெழுத்துப் போடச் சொல்லி உன்ன நான்தான் நச்சரிச்சிட்டேனாம்மா?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே போய் ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கிவந்தார். அவர் எதையும் வாயால் சொல்ல மாட்டார்.

ராமலிங்கம் சாரிடம் ஃபைலை அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். அலமாரியில்தான். கிழிக்கச் சொல்லவில்லை.

என் கிளினிக் வேலைக்குப் பொங்கல் லீவு சொல்லிவிட்டேன். போகிக்கு முதல் நாள் வருகிறேன். அத்தையிடம் சொல்லுங்கள், பானை வாங்க வேண்டாம், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

எப்போது திரும்பிப் போவாய் என்று அத்தை கேட்பார்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஆனால் நினைப்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. திரும்ப மாட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியாததைத் தெரியும் என்று எழுத முடியாது. வரும்போது இந்தத் தடவை பெரிய பையாகக் கொண்டுவருகிறேன். இன்றைக்கு என்னிடம் இருக்கிற உண்மை அவ்வளவுதான்.

உங்கள்
குழலி